இடைவேளைக்கு ஒரு சம்மதம்

இல்லக்கா, மோதிரம் கழல இந்த சோப்பு வேலைக்காகாது. அந்தத் தரை கழுவுற தண்ணி வச்சிருக்கீங்கல்ல, அத ஊத்துங்க. எரிஞ்சா எரியட்டும். பாத்ரூம் தாழ்ப்பாள மட்டும் எடுத்துடாதீங்க. யாரு தட்டினாலும் உள்ள யாரும் இல்லன்னு சொல்லிடுங்க.

ஆமா, பெரிய ஸ்கிரீன்ல பாத்த பொண்ணு நான்தான். ஐயோ, வாழ்த்தெல்லாம் வேணாங்க்கா. அது என் வேலை.

உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? சரிதான். நம்ம டீம் பாஸ்கெட்பால் ஆடினா கூட்டமே வர்றதில்லல்ல, ஆட்டத்துல விறுவிறுப்பு பத்தலன்னுட்டாரு மேனேஜர். அங்க பத்துப் பேரு உயிரக் குடுத்து ஓடுறாங்க, இவருக்குப் பத்தலையாம். புகை விட்டாரு, டான்ஸ் வச்சாரு, பனியனச் சுருட்டிக் கூட்டத்துக்குள்ள எறிஞ்சாரு. ஒண்ணும் ஆகல. கடைசியா கண்டுபிடிச்சதுதான் இது. இடைவேளையில கேமரா கூட்டத்துக்குள்ள சுத்தும். ஒருத்தன் முட்டி போட்டு மோதிரத்த நீட்டுவான். நான் வாயப் பொத்திக்கிட்டு அழுது, சரின்னு தலையாட்டணும். மேட்சுக்கு மேட்சு என் விக்கு மாறும், அவன் தாடி மாறும், சீட்டு மாறும். ஜனங்க எந்திரிச்சு நின்னு கத்துறாங்க, பந்து கூடையில விழுந்தா கூட அப்படிக் கத்த மாட்டாங்க.

மாட்டேன்னா? சொல்லக் கூடாதுக்கா. எனக்கு முன்னாடி இருந்தவ ஒரு நாள் விளையாட்டுக்கு மாட்டேன்னு தலையாட்டியிருக்கா. கூட்டம் காலி பாட்டில எறிஞ்சுது. அன்னிக்கே அவள அனுப்பிட்டாங்க. அதுலருந்து யாரு என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்.

மெதுவா இழுங்க... ஆ! விரல் மூட்டத் தாண்ட மாட்டேங்குது பாருங்க. எப்பவும் குடுக்குற கில்ட்டு மோதிரம் தொளதொளன்னு இருக்கும். கட்டை விரலால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் கூட்டத்தப் பாத்துக் கையாட்டுவேன். இன்னிக்கும் அதே மாதிரி அமுக்கினேன். அசையவே இல்ல. நெச மோதிரம்னு அப்பத்தான் புரிஞ்சுது. ஆனா அதுக்குள்ள தலையாட்டி முடிச்சுட்டேனே.

அவன் தாடியும் ஒட்டிக்கல. கேட்டதுக்குப் பசை தீந்துபோச்சுன்னான். மடச்சி, நானும் நம்பினேன். அப்புறம் ஒரு அம்மா படியெறங்கி வந்து என்னக் கட்டிப் பிடிச்சு ஓன்னு அழுதாங்க. அம்மாவா நடிக்கிறதுக்குப் புதுசா ஆள் போட்டிருக்காங்க போலன்னு நெனச்சு, நல்லா அழுறீங்கம்மான்னு காதுல சொன்னேன். நீ என் மருமகளா வர நான் குடுத்து வச்சிருக்கணும்மான்னாங்க. அவனோட சொந்த அம்மாக்கா. இப்ப கதவுக்கு வெளியில நிக்கிறது அவங்கதான். சித்தப்பா, அத்தையெல்லாம் கேக்கோட நிக்கிறாங்க.

மேனேஜர்கிட்டயா? ஓடிப் போய்ச் சொன்னேனே. கேட்டுட்டுத் துள்ளிக் குதிச்சாரு மனுஷன். நெசக் கல்யாணமா, இதவிட விறுவிறுப்பு வேற என்ன வேணும், ஃபைனல் அன்னிக்கு இடைவேளையில கோர்ட்டு நடுவுலயே வச்சுக்கலாம்னுட்டாரு. இந்நேரம் ஸ்கிரீன்ல போட்டிருப்பாரு. அந்தா, கத்துறாங்க கேக்குதா? அது பந்துக்கு இல்ல.

சீச்சீ, அவன் கெட்டவன் இல்லக்கா. நல்லவன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. பாவம், கேக்கத் தெரியாமக் கேட்டுட்டான், நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்னு நீங்களும் சொல்லப் போறீங்க.

போன வாரம் டீ மெஷின்கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. அப்பவும் தாடியில்லாமத்தான் வந்தான். என்னக் கட்டிக்கிறியான்னு கேட்டான். அவன் முகத்தப் பாத்து, மாட்டேன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு டீய எடுத்துக்கிட்டுப் போனான்.

இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா.