பிறகு பேச வேண்டியவை

ஆசிரியர் கூட்டத்தில் டீயை முதலிலேயே கொடுத்துவிட வேண்டும், ஐயா. நடுவில் கொடுத்தால் கெட்டது காரியம். சர்க்கரை போதவில்லை என்பார் ஒருவர், பிஸ்கட் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார் இன்னொருவர், பேசிக்கொண்டிருந்த விஷயம் டீயோடு சேர்ந்து ஆறிப்போகும். இந்தச் சின்ன உண்மையைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ் ஆயிற்று.

நீங்கள் கேட்டது டீயைப் பற்றி இல்லை, தெரியும். பத்தாம் வகுப்பு மாணவி கொளஞ்சி இறந்த அன்று அவள் இருந்த அறையின் வெளித்தாழ்ப்பாளைப் போட்டது யார், உள்ளே பிள்ளைகள் கதவைத் தட்டியது ஆசிரியர்களுக்குக் கேட்டதா என்று இரண்டே கேள்விகள் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் எங்கள் கூட்டம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அந்தப் பதிலைப் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். போன வாரம் விசாரணைக்கு வந்தபோது, இனிமேல் பள்ளி நேரத்தில் ஆசிரியர் கூட்டமே கூடாது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அது என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி இருக்கிற எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு நான் தலைமையாசிரியராக வந்தது 2003 ஜூனில். பஞ்சநாதன் என்றால் கண்டிப்பானவன் என்று பெயர் உண்டு. என்னையும் சேர்த்துப் பதினோரு ஆசிரியர்கள். பியூன் பணியிடம் நான் வந்த நாளிலிருந்து காலி.

அப்போதெல்லாம் கூட்டம் நாலு பத்துக்கு, கடைசி மணி அடித்த பிறகு. புதுச்சேரி பஸ் நாலு நாற்பதுக்கு. பாதிப் பேர் அந்த பஸ்ஸில் போகிறவர்கள். உடற்கல்வி ஆசிரியர் பிரபாகரன் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். கணக்கு அஷ்ரப் சார் மேஜைக்கு அடியில் பேப்பர் திருத்துவார். நான் தேர்ச்சி விகிதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒருவர் கழிப்பறைத் தண்ணீருக்குப் போவார், அங்கிருந்து இன்னொருவர் போன வருஷ ஆண்டுவிழாவில் யாருக்கு மாலை போடவில்லை என்பதற்குப் போவார். நாலு முப்பத்தைந்துக்கு எல்லோரும் வாசலில் நிற்பார்கள்.

"சார், நீங்க எது சொன்னாலும் எங்களுக்கு ஓகே சார்," என்பார் பிரபாகரன், செருப்பைப் போட்டுக்கொண்டே.

இரண்டு வருஷத்தில் பத்தொன்பது கூட்டம் நடத்தினேன். ஒரு முடிவுகூட எடுத்ததில்லை. ஊர் கூடினால் தேர் நகரும் என்பார்கள். எங்கள் பள்ளியில் கூடினால் வடம்கூட அசையாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. உப்பளத்துப் பிள்ளைகள் ஜனவரியில் வேலை ஆரம்பித்ததும் அப்பா அம்மாவோடு உப்பு வாரப் போய்விடுவார்கள், பரீட்சைக்கு மட்டும் தலை காட்டுவார்கள். அவர்களை எப்படி நிறுத்திவைப்பது என்று பதினோரு பேர் சேர்ந்து அரை மணி நேரம் யோசித்திருந்தால் போதும். அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

2005 மே மாதம் விழுப்புரத்தில் தலைமையாசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. பலராமன் என்று ஒரு பயிற்சியாளர் வந்தார். ஆசிரியர்கள் குழுவாகக் கூடிப் பேசுவது எப்படி என்பதுதான் பாடம். மற்றவர்கள் சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிக்க வேண்டும். பேசப்போவதை முன்னாலேயே எழுதி ஒட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும். கூட்டம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. பட்டியலில் இல்லாததை யாராவது கிளப்பினால் அதட்டக் கூடாது. சுவரில் ஒரு சார்ட் தொங்கவிட்டு, 'பிறகு பேச வேண்டியவை' என்று தலைப்புப் போட்டு, அதில் எழுதிவிட்டு மேலே போக வேண்டும்.

ஜூன் மாதமே ஆரம்பித்தேன். வியாழக்கிழமை தோறும் இரண்டு ஐம்பது முதல் மூன்று முப்பது வரை. சின்ன வகுப்புகளை மதியமே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அஷ்ரப் சார் கையில் கடிகாரத்தையும் இரண்டு அட்டைகளையும் கொடுத்தேன்; ஐந்து நிமிஷம் இருக்கும்போது மஞ்சள், முடிந்தால் சிவப்பு. பேப்பர் திருத்துகிற ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வாரம், உப்பளத்துப் பிள்ளைகள் வீடுகளுக்கு எந்த ஆசிரியர் எந்தத் தெருவுக்குப் போவது என்று பன்னிரண்டே நிமிஷத்தில் முடிவானது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஃபர்சானா டீச்சரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அறிவியல் ஆசிரியை, கோட்டக்குப்பத்திலிருந்து வருகிறவர். நல்ல உழைப்பாளி. ஜூலை முதல் வியாழக்கிழமை, பட்டியலில் இரண்டாவது உருப்படியைப் பேசிக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கினார்.

"சார், டென்த் ரூம்ல சீலிங் பொரிஞ்சு கொட்டுது சார். உள்ள கம்பி தெரியுது. பசங்க தலையில விழுந்துடப் போவுது."

"இன்னிக்கு அஜெண்டால இல்லையே டீச்சர். சார்ட்ல எழுதிடலாம்."

எழுதினேன். முதல் வரியே அதுதான். ஆகஸ்டில் மறுபடி கேட்டார். சார்ட்டைக் காட்டினேன். செப்டம்பரில் பட்டியல் ஒட்டுவதற்கு முன்னாலேயே என் அறைக்கு வந்து, "இத உருப்படியா சேத்துடுங்க சார், பேசி ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போட்ரலாம்," என்றார். பார்க்கிறேன் என்றேன்.

பார்க்கவும் செய்தேன், ஐயா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு சனிக்கிழமை தனியாகப் போய், பெஞ்சின் மேல் ஏறிக் குடைக்கம்பியால் குத்திப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு விழுந்தது. இந்தக் கரையில் உப்புக் காற்று எந்தக் கம்பியையும் விடாது. அந்தக் கட்டடத்துக்குக் கலவையே உப்புத் தண்ணீரில் போட்டதாகச் சொல்வார்கள். கம்பி நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விழுந்ததை நானே கூட்டி அள்ளி, சுற்றுச்சுவருக்கு வெளியே கொட்டினேன்.

ஏன் கடிதம் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினால் இன்ஜினியர் வருவார். அறையைப் பூட்டி சீல் வைப்பார். வேறு அறை கிடையாது, ஆகவே ஷிஃப்ட் முறை வரும். காலையில் ஐந்து ஆசிரியர், மதியம் ஐந்து ஆசிரியர். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்காருவது எப்படி? பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி நாலு பத்துக்கும் நாலு நாற்பது பஸ்ஸுக்கும் போக வேண்டியதுதான். இரண்டு வருஷம் பட்ட பாட்டுக்கு அப்புறம் அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் சார்ட் நிரம்பிவிட்டது. புதுச் சார்ட் ஒட்டி, பழையதிலிருந்து எல்லா வரிகளையும் பார்த்து எழுதினேன். முதல் வரியை மட்டும் எழுதவில்லை. கை தவறி விட்டுப்போனது இல்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளில் தண்ணீர் நின்றுவிட்டால் உப்பளத்தில் யாருக்கும் வேலை இல்லை. பிள்ளைகள் அத்தனை பேரும் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். ஒன்பதும் பத்தும் சேர்த்து எண்பத்து மூன்று பேர். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கூட்டத்துக்குத் தொந்தரவு. சாக்பீஸ் வேண்டும், இவன் அடிக்கிறான், அவள் பென்சிலை எடுத்துவிட்டாள் என்று ஒவ்வொருத்தராக வந்து கதவில் தலையை நீட்டுவார்கள். பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியரை வெளியே விட்டால் குழு முழுமையாகாது. அதனால் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிவிட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். நாற்பது நிமிஷம்தானே. அத்தனை பேர் கொள்ளுகிற பெரிய அறை ஒன்றுதான் இருந்தது. அது பத்தாம் வகுப்பு அறை.

நவம்பர் மூன்றாம் வாரம் பலராமன் சார் எங்கள் கூட்டத்தைப் பார்க்க வந்தார். மாவட்டத்திலேயே எங்கள் பள்ளியில்தான் ஒழுங்காக நடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். மற்ற தலைமையாசிரியர்களுக்குக் காட்டுவதற்காகக் குறிப்பு எடுக்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று காலையிலிருந்து எனக்குப் படபடப்பு. இரண்டு ஐம்பதுக்குத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, இழுத்தும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் மூன்று உருப்படிகள் வெண்ணெயில் கத்தி போன மாதிரி போயின.

நான்காவது உருப்படி அரையாண்டுத் தேர்வுக் கண்காணிப்புப் பட்டியல். அதை எடுத்தபோது மணி மூன்று பதினேழு. அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது. ஆசிரியர் அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரே ஒரு அறைதான். முதலில் ஒரு கை, பிறகு பல கைகள். பலராமன் சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பசங்க சேட்ட சார்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதினார். பிரபாகரன் பட்டியலைப் படித்துக்கொண்டே இருந்தார். ஃபர்சானா டீச்சர் எழுந்தார்.

"சார், ஏதோ விழுந்திருக்குது சார். நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"உக்காருங்க டீச்சர். இந்த உருப்படி முடியட்டும்."

"சார்..."

"உக்காருங்க."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டார். அதன்பிறகு ஒரு குரல் கேட்டது. கொளஞ்சி வகுப்புத் தலைவி. காலையில் பிரேயரில் கட்டளை சொல்கிற குரல், எங்கே இருந்தாலும் தெரியும். "சார், தொறங்க சார், கொட்டுது சார்" என்றது. அஷ்ரப் சார் மஞ்சள் அட்டையைத் தூக்கினார். அவர் அட்டையைக் கீழே வைப்பதற்குள் அந்தப் பெரிய சத்தம் வந்தது. மூன்று இருபத்தாறு. நாங்கள் போய்த் திறந்தபோது மற்ற பிள்ளைகள் சுவரோரமாக ஒடுங்கி நின்றார்கள். ஆறு பேருக்குக் காயம். கொளஞ்சி கதவுக்கு அருகில் கிடந்தாள்.

மறுநாள் காலை ஒரு கூட்டம் போட்டேன். உங்கள் கோப்பில் இருக்கிற கூட்டறிக்கை அதில் எழுதியதுதான்: பலத்த மழைச் சத்தத்தில் பிள்ளைகள் தட்டியது எவருக்கும் கேட்கவில்லை. ஏழு நிமிஷத்தில் வாசகம் முடிவாகிவிட்டது. பலராமன் சாரும் போனில் சரி என்றார். ஃபர்சானா டீச்சர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. "எனக்குக் கேட்டுச்சு சார். அல்லாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அவர் அழுதுகொண்டு வெளியே போன பிறகு, தாழ்ப்பாளைப் போட்டுத் திறக்கும் பொறுப்பு ஃபர்சானா டீச்சருடையது என்று அக்டோபர் மாதக் கூட்டப் பதிவேட்டில் காலியாக இருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன். மற்ற ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மையின் நிறம் வேறாக இருக்கும்.

பத்து நாள் கழித்து கொளஞ்சியின் அம்மா செல்லம்மாள் பிள்ளையின் பையை வாங்கிப்போக வந்தாள். நாற்காலி காட்டினேன், உட்காரவில்லை.

"சார், எம்பொண்ணு கதவ தட்டிக்கினே இருந்துச்சாமே. உங்களுக்குக் கேக்கலயா சார்?"

"மழைம்மா. ஒண்ணுமே காதுல விழல."

"அன்னிக்கு ஏது சார் மழ? மதியமே வுட்டுடுச்சே. நான் துணி காயப் போட்டுட்டு இருக்க சொல்லதான் வந்து சொன்னாங்க."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னது சரி. பன்னிரண்டு மணிக்கே மழை விட்டிருந்தது.

ஆகவே, ஐயா, உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில். தாழ்ப்பாளைப் போட்டது நான். தட்டியது கேட்டது, அது சேட்டை இல்லை என்பது முதல் தட்டலிலேயே எனக்குத் தெரியும், எது விழுகிறது என்பதும் தெரியும். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஃபர்சானா டீச்சரைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் தப்புக்காகக் கூட்டங்களை நிறுத்திவிடாதீர்கள். கூட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஒன்பது நிமிஷம் அந்தப் பிள்ளைகள் தட்டினார்கள். பதினோரு ஆசிரியர்களுக்கும் கேட்டது. எழுந்த ஒருவரும், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவர்களை ஆறே மாதத்தில் இப்படி ஒரு குழுவாக ஆக்கிய தலைமையாசிரியர் இந்த மாவட்டத்தில் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.