இரண்டு தேங்காய்

பழவங்காடிக் கணபதிக்குத் தேங்காய் உடைக்கும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"ரெண்டு தேங்கா எதுக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"நம்ம பழைய காருக்கு இப்ப ரெண்டு கார்புரேட்டராக்கும். ஒண்ண வச்சு ஆறு சிலிண்டருக்கும் மூச்சு எத்தல. அதான் பொன்முடி மலை ஏத்தத்துல நின்னுபோச்சு."

"மழையில நடந்தது நானுல்லா. இனி அதுல ஏற மாட்டேன்னு அன்னைக்கே சொல்லியாச்சு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காலையில ஸ்டார்ட் பண்ணேன், கேட்டியா. பிள்ளை தூங்குறப்ப மூச்சு விடுமே, அந்த மாதிரி ஒரு சத்தம்."

"எனக்கும் கேட்டுது. அடுப்ப அணைச்சிட்டு நின்னு கேட்டேன்."

வரிசை நகர்ந்தது.

"மேல குளிருமே," என்றாள் அவள். "சுவெட்டர் எங்க வச்சேன்னு பாக்கணும்."