கிழக்கு பார்த்த மேசைகள்

கலியமூர்த்தி: …ஏம்மா கயலு, நான் சிதம்பரத்துலதான் நிக்கிறேன். நம்ம ஆபீசக் காணோமே.

கயல்விழி: முதலாளி… வர்றேன்னு சொல்லவேயில்ல. எங்க நிக்கிறீங்க?

கலியமூர்த்தி: நம்ம வாசல்லதான். கதவு சாத்திக் கெடக்குது. நான் சொல்றதுக்கு முன்னாடியே மூடிட்டீங்களா?

கயல்விழி: மூடல முதலாளி. போன வெச்சுட்டு பக்கத்துச் சந்துல திரும்புங்க. அம்புக்குறி போட்டு எழுதியிருக்கோமே.

கலியமூர்த்தி: சந்துலயா… சந்து பூரா பைக்கா நிக்குது. சரி, வந்துட்டேன், வந்துட்டேன்… என்னா நாசரு, உள்ள நொழைஞ்சா ஒருத்தரு என்னைய வரிசையில நில்லுங்குறாரு. என் ஆபீசுல.

நாசர்: அவரு கீரப்பாளையத்துக்காரரு முதலாளி. அறுப்பு மெஷின் புக் பண்ண வந்திருக்காரு. அவருக்கு உங்கள எங்க தெரியும்? வாங்க, உக்காருங்க. பையக் குடுங்க, வெச்சிடறேன்.

கலியமூர்த்தி: வேணாம் வேணாம். மடியிலயே இருக்கட்டும்.

நாசர்: கனமா இருக்குதே…

கலியமூர்த்தி: வடலூர் போயிட்டு வந்தேன். பிரசாதம்.

நாசர்: கடலூர்லேருந்து வர்றதுக்கு அது சுத்து வழியாச்சே.

கலியமூர்த்தி: நீ மெஷின எந்த வழியில அனுப்புறன்னு நான் கேட்டனா? அது கெடக்கட்டும். வாஸ்துக்காரரு சொன்னாருன்னு எல்லாரையும் கிழக்கப் பாத்து உக்காருங்கன்னேன். யாரக் கேட்டு மாத்துனீங்க?

கயல்விழி: மாத்தல முதலாளி. நல்லாப் பாருங்க. கிழக்கப் பாத்துதான் உக்காந்திருக்கோம்.

கலியமூர்த்தி: அட… ஆமா. அப்ப வர்றவுங்க எப்படி எதுக்கால நிக்கிறாங்க?

கயல்விழி: வாசல் மேக்கால இருந்துச்சு, நாங்க கிழக்கால பாத்துகிட்டிருந்தோம். வந்தவுங்கள்லாம் எங்க முதுகுகிட்ட பேசிப் பாத்துட்டு எதுத்தாப்புல இருக்குற மெஷின் கடைக்குப் போயிட்டாங்க. மேசைய நகத்துனா நீங்க திட்டுவீங்க. அதான் வாசல மாத்திட்டோம்.

கலியமூர்த்தி: செவுத்த ஒடைச்சியா?

நாசர்: ஒடைக்கல. இங்க ஒரு பழைய கதவு இருந்துச்சு, பீரோவப் போட்டு மறைச்சு வெச்சிருந்தோம். பீரோவத் தள்ளுனோம், அவ்ளோதான்.

கலியமூர்த்தி: அதுல ஜாமான் ஜாஸ்தி இருந்துச்சேப்பா…

நாசர்: இருந்துச்சு. அறுந்த பெல்ட்டு, மொண்ண பிளேடு, உங்க பழைய குடை. என்னிக்காவது ஆவும்னு சேத்து வெச்சதெல்லாம்.

கலியமூர்த்தி: குடையையுமா தூக்கிப் போட்டீங்க?

கயல்விழி: அது மட்டும் இருக்குது. மாட்டி வெச்சிருக்கேன் பாருங்க, அந்த போர்டு பக்கத்துல.

கலியமூர்த்தி: அது என்னா போர்டு… கலர் கலரா காந்தம் ஒட்டியிருக்குது?

நாசர்: ஒரு காந்தம் ஒரு மெஷினு. எந்த ஊருல ஓடுதோ அந்த ஊரு பேருக்கு நேரா ஒட்டிடுவோம். கீரப்பாளையத்துல முடிஞ்சா அப்படியே பக்கத்து ஊருக்கு. முன்ன மாதிரி புவனகிரிக்கும் சேத்தியாத்தோப்புக்கும் சும்மா அலையிறதில்ல.

கலியமூர்த்தி: போன வருசம் ஒரே வயல்ல நம்ம மெஷினு ரெண்டு எதுக்கெதுர நின்னுச்சே…

கயல்விழி: ஆளுக்கு ஒரு போன் எடுத்தோம். நான் ஒரு மெஷின அனுப்புனது அண்ணனுக்குத் தெரியாது, அவரு அனுப்புனது எனக்குத் தெரியாது. இப்ப போன் எங்கிட்ட மட்டும். நான் சொல்லச் சொல்ல அண்ணன் காந்தத்த நகத்துறாரு.

கலியமூர்த்தி: அப்ப நம்ம மெஷினெல்லாம்…

நாசர்: எல்லாம் வயல்ல இருக்குது முதலாளி. ஒண்ணு கூட ஷெட்டுல இல்ல. எதுக்கடைக்காரரே காலையில வந்து, எங்க பார்ட்டிக்கு ஒரு மெஷின் தர முடியுமான்னு கேட்டுட்டுப் போறாரு.

கலியமூர்த்தி: அவனா… என் மச்சானா வந்து கேட்டான்?

நாசர்: அவரேதான். வரிசையில நின்னு கேட்டாரு.

கலியமூர்த்தி: ஹா… இத நான் பாக்காம போயிட்டனே. ஏம்மா, இத்தன வருசம் இல்லாம இப்ப எப்படித் தோணுச்சு?

கயல்விழி: பொங்கலப்ப வந்து சொன்னீங்களே முதலாளி… சம்பா அறுப்பு முடியட்டும், இந்த ஆபீச மூடிட்டு எல்லாத்தையும் கடலூர்லயே பாத்துக்கலாம்னு. கைக்கொழந்தைய வெச்சுகிட்டு நான் தெனம் கடலூர் வந்து போவ முடியுமா? வேல போச்சுன்னு அன்னிக்கு பூரா அழுதேன். மறுநாள் வந்து பாத்தா அந்த பீரோ மேலதான் கோவம் வந்துச்சு. அண்ணனக் கூப்ட்டு, தள்ளுங்கன்னேன்.

கலியமூர்த்தி: கடலூர்ல ஏசி போட்டு, கண்ணாடி ரூம் கட்டிக் குடுத்திருக்கேன். என் மவன் அதுல உக்காந்து ஈ ஓட்டுறான். அடுத்த வாரம் அவன இங்க அனுப்புறேன் கயலு. பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லிக்குடு.

கயல்விழி: அனுப்புங்க. கிழக்கப் பாத்தே உக்கார வெக்கிறேன்.

கலியமூர்த்தி: கிண்டலு… சரி, அந்தப் பழைய வாசல என்னா பண்ணீங்க?

நாசர்: தாப்பாதான் போட்டிருக்கோம். அதுவும் ஆடுது. தெருநாய் முட்டித் தொறந்துகிட்டு வந்துடுது. நல்ல பூட்டா ஒண்ணு போடணும்.

கலியமூர்த்தி: பூட்டா…

நாசர்: ஆமா முதலாளி. பெருசா.

கலியமூர்த்தி: …இந்தா, இந்தப் பையப் பிரி. பிரசாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த ஆபீசுக்குப் போடத்தான் காலையில கடலூர்ல வாங்குனேன். அந்தப் பழைய வாசல்ல மாட்டு. நல்லா இழுத்துப் பூட்டு.

கயல்விழி: தெரியும் முதலாளி. நீங்க பூட்டு வாங்கிட்டு கடைய விட்டு எறங்குனதுமே அந்தப் பூட்டுக்கடை சிங்காரம் மாமா நாசர் அண்ணனுக்குப் போன் போட்டுட்டாரு. அதான் நாங்க வேற வாங்கல.