நெட்டு சரியில்லை

நடுவர் அவர்களே... கிளவுட் வந்தா பழைய கேம் கன்சோலுக்கு வேகம் கூடுமா, கூடாதா? ரெண்டு அணியும் பேசிட்டோம். சர்வர்னாங்க, ஃபைபர்னாங்க. பேச வேண்டியதெல்லாம் பேசியாச்சு. கடைசியா வந்த எனக்கு மிச்சம் இருக்கறது ஒரு சின்னக் கதைதான். மணி அடிக்கறதுக்குள்ள சொல்லிடறேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்துல மாசானம்னு ஒரு மினி பஸ் டிரைவர். ஒரே பையன், இசக்கியப்பன். காலேஜ் சேர்ற வயசு... சேரல. உடம்புல இருக்கற தசையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா பலம் இழந்துட்டே போற நோய் அவனுக்கு. முதல்ல கால் போச்சு. அப்புறம் தோள். மிச்சம் இருந்தது விரல். அந்த விரலை வச்சுக்கிட்டு அவன் கிரிக்கெட் ஆடினான். எங்க? டிவியில... கேம் கன்சோல்ல.

கன்சோல் பழசு. புது ஆட்டம் எதைப் போட்டாலும் இரைச்சல் போட்டு நின்னுடும். ஒருநாள் பையன் சொன்னான்:

"யப்பா, புதுசு வாங்க வேண்டாம். கிளவுட்ல ஆடலாம்."

"மேகத்துலயால? மழை வந்தா என்ன செய்வ?"

"யப்பா! எங்கயோ தூரத்துல பெரிய கம்ப்யூட்டர் இருக்கு. ஆட்டம் அங்க ஓடும். நான் பட்டன் அமுக்குனா அது அங்க போகும். படம் இங்க வரும்."

"அப்ப உன் பெட்டிக்கு வேலையே இல்லங்கிற."

"நான் அமுக்குனத வாங்கிக் குடுக்கதும் படத்தக் காட்டுததும்தான் அதுக்கு வேலை."

போட்டாங்க. என்ன ஆச்சு தெரியுமா? அதே பழைய பெட்டியில புல்லு புல்லா மைதானம் தெரிஞ்சுது! கூட்டம் கத்தறது வீடெல்லாம் கேட்டுது. மாசானத்துக்கு வாயெல்லாம் பல்லு.

ஆனா... பையன் அவுட் ஆகிட்டே இருந்தான். பந்து தாண்டிப் போனதுக்கு அப்புறம் மட்டை சுத்துது. ஒவ்வொரு தடவையும்.

"என்னய்யா?"

"நெட்டு சரியில்லப்பா. லேக் அடிக்கி, அமுக்குனது லேட்டாப் போவுது."

விடுவாரா மாசானம்? ரவுட்டரை மாத்தினார். வயரை மாத்தினார். பஸ் ஸ்டாண்டுல நின்னு போன்ல நெட்டுக்காரரைக் கிழிகிழின்னு கிழிச்சார். "எம்புள்ள அங்க அமுக்கிக்கிட்டே கெடக்கான், நீரு என்னவே லைன் குடுக்கீரு?"

நெட்டுக்காரர் நேர்லயே வந்துட்டார். பாத்தார்.

"அண்ணாச்சி, லைன் தங்கமா இருக்கு."

"அப்ப எம்புள்ள பொய் சொல்லுதானோ?"

அவர் கன்ட்ரோலரை எடுத்தார், ஒரு பந்து ஆடினார். ஃபோர். அடுத்ததும் ஃபோர். கீழ வச்சுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போயிட்டார்.

டிவியில கூட்டம் கத்திட்டு இருந்துது.

"யப்பா... நெட்டு இல்லப்பா. விரலு."

"அத எங்கிட்ட சொல்லதுக்கு என்னல?"

"நெட்டுன்னா நீ போய்ச் சண்டை போடலாம். இதுக்கு... யார்ட்டப் போய்ச் சண்டை போடுவ?"

அந்த அப்பா என்ன சொல்லியிருப்பார்? நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க? மாசானம் பையன் பக்கத்துல உக்காந்தார். கன்ட்ரோலரை எடுத்தார்.

"சொல்லு. எப்ப அமுக்கணும்?"

"நான் 'இப்போ'ன்னு சொல்லுவேன். அப்ப அமுக்கு."

பந்து வந்துது. "இப்போ!" ...அவுட்.

"பிரேக்க மிதிக்க மாதிரி அமுக்குதப்பா நீ!"

"நாலு ஊர் ஜனத்தக் கூட்டிட்டுப் போறவன். எனக்கு டைமிங் சொல்லித் தாரியோ?"

மறுபடி அவுட். மறுபடி அவுட். பையன் யோசிச்சான். நான் சொல்லி, அப்பா காதுக்குப் போய், விரலுக்குப் போய், அப்புறம் அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டருக்கும் போகணும். அப்போ... பந்து வர்றதுக்கு முன்னாடியே சொல்லணும். பந்து போடறவன் கையைத் தூக்கும்போதே கத்தினான்: "இப்போ!"

சிக்ஸர்! அடுப்படியில இருந்த பேச்சித்தாய், அவன் அம்மா, என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாங்க. அப்பனும் மகனும் சிரிச்சுட்டு இருந்தாங்க.

அப்புறம் தினமும் அப்படித்தான். யோசிக்கறது மகன். அமுக்கறது அப்பா. குரலும் மெலிஞ்சுது... உதடு அசையறதைப் பாத்து அமுக்கினார்.

போன ஆனியில பையன் போயிட்டான்.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாசானம் அந்தப் பெட்டியைப் போட்டார். திரையில சிக்னல் முழுசா இருக்கு. பந்து வருது. அவர் கை தயாரா இருக்கு... காது காத்திருக்கு... பந்து தாண்டிப் போயிடுச்சு. அடுத்த பந்து. காத்திருக்கார். தாண்டிப் போயிடுச்சு. அவுட். அவுட்.

அடுப்படியில இருந்து பேச்சித்தாய் கேட்டாங்க, "என்னங்க... நெட்டு சரியில்லையா?"

மாசானம் சொன்னார்: "ஆமா... நெட்டுதான்."

அந்தம்மா கையைத் துடைச்சுட்டு வந்தாங்க. மகன் உக்கார்ற இடத்துல உக்காந்தாங்க. கிரிக்கெட்டுல அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. திரையையே பாத்தாங்க. பந்து வந்துது. மெதுவா கேட்டாங்க:

"இப்பவா?"

பந்து அதுக்குள்ள போயிடுச்சு. அவர் அப்பவும் அமுக்கினார்.

நடுவர் அவர்களே, கிளவுட் வந்தா கன்சோலுக்கு வேகம் கூடுமா? கூடும். எங்க அணி சொல்றது சரிதான். பாரத்தை எல்லாம் எங்கயோ ஒண்ணு சுமந்துக்கிட்டா, தளர்ந்துபோன பெட்டியும் ஓடும். மகன் விரல் நின்னபோது அப்பா விரல் ஓடலையா? ஆனா வேகம் பெட்டிக்குத்தான் கூடும். நம்மள்ல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட போய்ச் சேர்றதுக்கு ஆகற நேரம் இருக்கே... அதைக் குறைக்க எந்த சர்வரும் இல்ல. அதை நாமதான் குறைக்கணும்... பக்கத்துல போய் உக்காந்து.

இன்னைக்கு வீட்டுக்குப் போறீங்க. யாராவது ஒருத்தர் "நெட்டு சரியில்ல"ன்னு சொல்லலாம். சிக்னல் முழுசா இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியும். "நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க. கொஞ்சம்... உக்காந்து பாருங்க.

அவ்வளவுதான், நடுவர் அவர்களே.