குறடு டாக்டருக்கு நாம் சொல்லாத பதில்

மேடையில் அமர்ந்திருக்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, தேசியப் பூங்காவின் இயக்குநர் அவர்களே, மலைக்குழுவின் தோழர்களே, தோழியரே, அழக்கூடாது என்று முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் டாக்டர் அம்மாவின் கணவர் அவர்களே, அன்பு மகளே, இந்த ஊரில் பல்வலி கண்ட அத்தனை பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வரவேண்டும். நானும் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அதற்கு முயன்றுதான் பார்த்தேன். முடியவில்லை. துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்கு மேலே ஒரு பெரிய நிம்மதி ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டாக்டர் அம்மாவின் பல் மருத்துவமனைக்குப் பக்கத்து மருந்துக்கடை என்னுடையது. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவர் பல் பிடுங்குவார், நான் வலி மாத்திரை கொடுப்பேன். அவர் மலைக்குழுவின் தலைவர், நான் துணைத்தலைவர். அந்த வேலையும் ஏறக்குறைய அதேதான். அவர் பேசிவிட்டுப் போன இடங்களுக்கெல்லாம் நான் பின்னால் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வருவேன்.

இந்த ஊர் அவரைக் குறடு டாக்டர் என்று அழைத்தது. பல் பிடுங்கும் குறட்டுக்காக மட்டுமா அந்தப் பெயர்? பிடித்ததை விடாத அந்தக் குணத்துக்காகவும் அல்லவா!

நம் மலையை நினைத்துப் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் முழுவதும் தேசியப் பூங்கா. மலை உச்சியில் எல்லைக் கல். அதற்கு இந்தப் பக்கம், நம் பக்கம், புல்வெளி, சரிவுக் காடு, அடிவாரத்தில் கீழ்ச்சதுப்பு. எல்லாம் வெளியே. எப்போதோ யாரோ மேசையில் உட்கார்ந்து கோடு போட்டபோது உச்சியோடு கை வலித்துவிட்டது போலிருக்கிறது. அந்தச் சரிவின் மேல் கல் குவாரிக்காரர்களின் கண் விழுந்த நாளில்தான் நம் டாக்டர் கிளம்பினார். “மலையோட முதுகைக் காப்பாத்திட்டு வயித்தை விட்டுட்டா எப்படிங்க?” என்று கேட்டார். யாரிடம் கேட்டார்? கேட்கக் கிடைத்த எல்லோரிடமும் கேட்டார். குறிப்பாக, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவருடைய நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர்களிடம்.

அந்த நாற்காலியை இங்கே யார் மறக்க முடியும்? இரண்டு கன்னத்திலும் பஞ்சு. நாக்குக்குக் கீழே எச்சில் உறிஞ்சும் குழாய். மேலே அந்த வெளிச்சம். அப்போது ஆரம்பிப்பார். எந்தப் பறவை எந்த மரத்தில், எந்த ஓடை எங்கே பிறக்கிறது, குவாரி வந்தால் எது முதலில் போகும். நாம் பதில் சொல்ல முடியுமா? கடைசியில் ஒரு கேள்வி வரும். “ஞாயித்துக்கிழமை மலைக்கு வர்றீங்கதானே?” தொண்டையில் எந்தச் சத்தம் வந்தாலும் சரி, “வர்றேன்னு சொல்லிட்டார், எழுதிக்கம்மா” என்று வரவேற்பறைக்குக் குரல் கொடுப்பார். இந்த ஊரில் பாதிப் பேர் குழுவில் சேர்ந்தது அப்படித்தான். நான் சேர்ந்ததும் ஒரு கடைவாய்ப் பல்லால்தான்.

குவாரி முதலாளியும் ஒருநாள் கன்னம் வீங்கி வந்தார். மூன்றாவது வரிசையில் இருக்கிறார், சிரிக்கிறார், அதனால் சொல்கிறேன். அன்று அம்மா மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். “வலியில துடிக்கிற மனுஷன்கிட்ட நம்ம நியாயத்தைப் பேசக்கூடாதுங்க” என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று நான் உருகிப்போனேன். அடுத்த வாரம் வலி போய்ப் பல்லை அடைக்க அவர் வந்தபோது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. அம்மா ஒரு மணி நேரம் விடாமல் பேசினார்.

அன்பர்களே, எங்கள் குழு செய்த மாபெரும் தவறைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசினால் அது பாதிப் பேச்சு.

காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்ததே, நினைவிருக்கிறதா? மரச்சட்டம் போட்டது. ஒவ்வொரு ஞாயிறும் மலையேறி, கீழ்ச்சதுப்பு வழியாக இறங்கி, சேறு பூசிய செருப்போடு அதன் அடியில் வந்து உட்கார்ந்துதான் தேநீர் குடிப்போம். பூங்காவில் எதைச் சேர்க்க வேண்டும் என்று எங்கள் மனுவுக்கு எல்லை வரைந்ததும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான். மனு போய்விட்டது. விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் சுவருக்கு வண்ணம் அடிக்கப் படத்தைக் கழற்றினோம், சட்டத்தைப் பிரித்தோம். சட்டத்தின் கீழ்விளிம்புக்கு அடியில் படம் இன்னும் கொஞ்சம் இருந்தது. அங்கே இருந்தது கீழ்ச்சதுப்பு. நாங்கள் கேட்ட எல்லை அதற்கு மேலேயே நின்றுபோயிருந்தது.

காலில் அந்தச் சேற்றோடு உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்குக்கூட அது படத்தில் இல்லை என்று தோன்றவில்லை. இப்படி ஒரு கூத்தை வேறு எந்தக் குழுவாவது செய்யுமா?

பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடலாம் என்றார்கள். கிடைப்பதை வாங்குவோம், சதுப்பைப் பிறகு பார்ப்போம், இப்போது வாய் திறந்தால் மொத்தமும் கெட்டுவிடும் என்றார்கள். அம்மா கேட்டுக்கொண்டே கையுறையைக் கழற்றினார். “சொத்தையில பாதியைச் சுத்தம் பண்ணிட்டு மேல அடைச்சு வெச்சா என்ன ஆகும் தெரியுமா? உள்ளயே அழுகும்” என்றார். அத்தோடு கூட்டம் முடிந்தது.

விசாரணை மண்டபத்தில் முதல் ஆளாக எழுந்தார். “ஐயா, எங்க மனுவுல தப்பு இருக்குங்க. தப்பு எங்களோடது” என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் முகத்தில் அன்று பூத்த சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. விசாரணை அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: “இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். எழுந்து வந்து பாருங்க.”

அவர் வந்தார். பளபளக்கும் அலுவலகச் சப்பாத்தோடு வந்தார். சதுப்பின் ஓரத்தில் கால் வைத்தவர் முழங்கால் வரை உள்ளே போனார். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். கனவு முடிந்தது என்றே நினைத்தோம். அம்மா மட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, அவருடைய கையைப் பற்றினார். “பயப்படாதீங்க. பிடுங்கறதுதான் என் தொழில்.”

மனிதர் வந்துவிட்டார், சப்பாத்து ஒன்று வரவில்லை. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. ஒற்றைக் காலுறையோடு நின்றபடி அவர் சுற்றிலும் பார்த்தார். மேலே சரிவிலிருந்து நீர் கசிந்து சதுப்புக்குள் இறங்குவதையும், சதுப்பிலிருந்து தெளிந்து நம் ஊர் ஓடையாகப் போவதையும் பார்த்தார். திரும்பும்போது, “இது இல்லாம மேல இருக்கறதைக் காப்பாத்தி என்ன பிரயோஜனம்?” என்று அவரே சொன்னார். அம்மா என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டினார்.

பிறகு காத்திருந்தோம். முடிவு வரவில்லை, அம்மாவுக்கு நோய் வந்தது. எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். தெரியாமலே போய்விடுவாரோ? மருந்துக்கடையில் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் எந்தச் செய்தி முந்திக்கொண்டு வருகிறதோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன்.

நல்ல செய்தி முந்தியது. அதைச் சொல்லத்தான் ஐயா நான் வந்தேன். நல்ல செய்தி முந்திக்கொண்டது.

அறிவிப்பு வந்த காலை, மருத்துவமனையில் அவர் பக்கத்தில் மகள் இருந்தார். மகளும் பல் டாக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவின் வாயில் அப்போது குழாய். பேச முடியாது. வாழ்நாள் முழுக்க நம் வாயை அடைத்துவிட்டுப் பேசியவர், அன்று தன் வாய் அடைபட்டுக் கிடந்தார். மகள் காதருகே குனிந்து, “அம்மா, நம்ம பக்கமும் பூங்காவுல சேர்ந்தாச்சு” என்றார். அம்மா முகம் மலரவில்லை. விரலைத் தூக்கிக் கீழே காட்டினார். இன்னும் கீழே, இன்னும் கீழே என்று காட்டினார். போர்வையா, தண்ணீரா என்று செவிலியர் தேடினார்கள். பக்கத்தில் நின்ற கணவருக்குத்தான் புரிந்தது. “சதுப்பும் உள்ள இருக்கு. கடைசி ஓரம் வரைக்கும் இருக்கு. நான் படிச்சுட்டேன்” என்றார்.

தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்ததாம். அதற்கு என்ன பொருள் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், என் நெஞ்சு லேசாக இருக்கிறது. அவர் தெரிந்துகொண்டு போனார்.

நிற்க. கோடு போட்டதோடு வேலை முடிந்ததா? சரிவில் எறிந்த பாட்டில்களைப் பொறுக்க வேண்டும். சதுப்புக்குக் குறுக்கே கால் புதையாத மரப்பாதை வேண்டும், இயக்குநர் அவர்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம். வரைபடம் திரும்ப மாட்டப்படும், சட்டம் இல்லாமல், நான்கு மூலையிலும் ஆணி மட்டும் அடித்து.

இந்த இடத்தில் ஒரு நிமிட மௌனம் கேட்பது வழக்கம். நான் கேட்கப் போவதில்லை. அவர் முன்னால் நாம் போதுமான அளவு மௌனமாக இருந்துவிட்டோம். அவர் கேட்ட கேள்வி ஒன்றுக்கு, பஞ்சை வைத்துக்கொண்டு முனகினோமே தவிர, நம்மில் யாரும் வாய்விட்டுப் பதில் சொன்னதில்லை. இன்று நம் வாயில் பஞ்சு இல்லை, குழாய் இல்லை. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். அவர் கேட்டதை நான் கேட்கிறேன், அவருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள்.

ஞாயித்துக்கிழமை மலைக்கு வர்றீங்கதானே?

நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வர்றேன், டாக்டர்.