மேற்பார்வைக் குறைவு

ஒரே மேஸ்திரியிடம் வீட்டை ஒப்படைப்பவர்கள்மீது எனக்குக் கோபம் கிடையாது. அதுவும் ஒரு வழி. ஒருவரிடம் பேசலாம், ஒருவரைத் திட்டலாம், ஒருநாள் சாவியை வாங்கிக்கொள்ளலாம். நீங்களும் அப்படித்தான் கட்டியிருப்பீர்கள், ஐயா.

நான் வேறு வழியில் கட்டினேன். பள்ளம் தோண்ட ஒருவர், சுவருக்கு ஒருவர், பூச்சுக்கு, இரும்புக்கு, மரத்துக்குத் தனித்தனி ஆட்கள். அவரவர் தொழிலில் நல்லவரைத் தேடிப் பிடித்தேன். ஒரே மேஸ்திரி என்றால் அவருடைய மைத்துனன்தான் குழாய் போடுவான், குழாய் வேலை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். இதை நஸீஹாவிடம் சொன்னேன். அவள் என் மனைவி. அப்போது ஒப்புக்கொண்டாள்.

ஸ்ஃபாக்ஸ் பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்புவது என் வேலையாக இருந்தது. கஃப்ஸாவிலிருந்து வருகிற வண்டிக்காக ஜெர்பா வண்டியை நிறுத்திவைப்பேன். ஒருவரும் நடுவழியில் நின்றதில்லை. ஆறு பேரை ஒரு வீட்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக அனுப்புவது அதைவிடச் சிரமமாக இருக்காது என்று நினைத்தேன்.

ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். இதை எழுதிக்கொள்ளுங்கள். சிக்கல் எல்லாம் ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில் இருந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் கொத்தனார் கட்டிய சுவருக்கும் நடுவே தச்சர் தன் கையை நுழைத்துக் காட்டிவிட்டுப் போனார். பூச்சுக்காரர் பூசிய சுவரைக் குழாய்க்காரர் உடைத்தார். பூச்சுக்காரர் திரும்பி வர மறுத்தார். அவர் வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன். உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார்.

பிறகு மாஜில். முற்றத்துக்கு அடியில் மழைநீர் சேர்க்க நிலவறை வெட்டியிருந்தோம். மழைக்காலம் இன்னும் வரவில்லை, உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. அதன் வாய்க்குக் கல் வளையம் வைக்க வேண்டியவர் கொத்தனார் மப்ரூக். அதன்மேல் இரும்பு மூடி போட வேண்டியவர் பட்டறைக்காரர் ஹம்மாதி.

"மூடி அளவு வரட்டும் ரிதா ஐயா, கல்லை வெச்சிடறேன்" என்றார் மப்ரூக்.

"கல்லே வெக்காம எதை அளக்கறது? தலையில தொப்பியை வெச்சுப் பாத்துட்டுத்தானே வாங்குவீங்க?" என்றார் ஹம்மாதி.

நானே ஓர் அளவு சொன்னேன். மப்ரூக் சிரித்தார். "நீங்க சொல்லுவீங்க. நாளைக்கு மூடி உக்காரலைன்னா, அந்தக் கல்லை யாரு திங்கறது? நானா?"

கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று எல்லோருக்கும் மீன் குஸ்குஸ் சமைத்துப் போட்டோம். வழக்கப்படி ஒரே பெரிய தட்டு. மப்ரூக்கும் ஹம்மாதியும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் தின்றார்கள். கை கழுவியதும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மாஜிலின் வாய் திறந்தே கிடந்தது. நான் அதன்மேல் பலகைகள் போட்டு வைத்தேன். பூச்சுக்காரர் சாரத்துக்கு அந்தப் பலகைகளைக் கேட்டபோது தரவில்லை. அந்த அளவுக்குக் கவனமாக இருந்தேன்.

இதற்கிடையே நாங்கள் நஸீஹாவின் அண்ணன் ஷாத்லி வீட்டு மாடியில் குடியிருந்தோம். அந்த வீடு ஒரே மேஸ்திரி கட்டியது. குழாய்கள் ஒழுகவில்லை. கதவுகள் ஓசையில்லாமல் மூடின. அலமாரிக்குப் பின்னால் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து அவரை அழைத்துக் காட்டினேன்.

"பூச்சு காய்ஞ்சா அப்படித்தான் மாப்ள. அலமாரியை நகத்திப் பாக்கற அளவுக்கு உங்களுக்கு நேரம் இருக்கே, சந்தோஷம்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. வாடகை கேட்டதில்லை. ஆனால் மாலைதோறும் எங்கள் மனைக்கு வருவார். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபடி பின்வாக்கில் நடப்பார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வளைந்திருக்கிறது என்பார். அது வளையவில்லை. நூல் பிடித்துக் காட்டினேன். நூல் வளைந்திருக்கிறது என்றார்.

"மாப்ள, பஸ்ஸுன்னா விசில் அடிச்சா கிளம்பும். கொத்தனாரு விசிலுக்குக் கிளம்புவானா?"

ஆட்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒன்றாகச் செய்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் தரை ஓடு பார்க்கப் போய்விட்டுத் திரும்பினேன். ஷாத்லி ஒரு மேஸ்திரியை அழைத்து வந்திருந்தார். ஸஹ்பி என்று பெயர். அவன் சுவர்களை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தான். கூடவே நஸீஹாவும் நடந்தாள். திங்கட்கிழமை முதல் மிச்ச வேலை முழுவதும் அவனுடையது என்று பேசி முடித்துவிட்டார்கள். பழைய ஆட்கள் ஒருவரும் மனைக்குள் வரக்கூடாது என்பது அவன் நிபந்தனை.

"இன்னும் கொஞ்சம்தானே இருக்கு. நானே முடிச்சிடறேன்" என்றேன்.

"ரிதா, எனக்கு வீடு வேணும். நீ ஜெயிக்கறது எனக்கு வேண்டாம்" என்றாள்.

ஷாத்லி என் தோளில் கை போட்டார். "விடுங்க மாப்ள. நீங்க ரிட்டயர்டு ஆளு, ஓய்வா இருங்க. சாவி வந்ததும் முதல்ல நீங்களே திறங்க."

சனிக்கிழமை ஆட்கள் யாரும் வரவில்லை. மதியத்துக்குமேல் மாஜிலின் மேலிருந்த பலகைகளை எடுத்து மாடிக்குக் கொண்டுபோய்ப் பூச்சுக்காரரின் சாரத்தில் வைத்தேன். திறப்பின்மேல் நாணல் பாயை இழுத்து விரித்தேன். அதன்மேல் சலித்த மணலைத் தூவினேன். மணல் பாயோடும் தரையோடும் ஒன்றாகச் சேர்ந்தது. ஓரம் எது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வீட்டில் நடந்த வேலைகளிலேயே சுத்தமானது அதுதான். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஷாத்லியிடம் தொலைபேசியில் பேசினேன். "நீங்க சொன்னது சரிதான் மச்சான். கைப்பிடிச் சுவர் வளைஞ்சுதான் இருக்கு. வந்து பாருங்க."

அதைச் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மற்றதெல்லாம் எளிது. அவர் வேறு எதற்கு அழைத்திருந்தாலும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார். இதற்கு உடனே வந்தார்.

முற்றத்துக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்றபடி பின்வாக்கில் நடந்தார். நான் ஆமாம் என்றேன்.

மாஜிலுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் குரல் வந்தது. முதலில் மாப்ள என்று கூப்பிட்டார். பிறகு ரிதா என்றார். நான் ஹம்மாதிக்குத் தொலைபேசி செய்து இன்று மூடியைக் கொண்டுவர வேண்டாம் என்றேன். அவர் எப்படியும் கொண்டுவந்திருக்கப் போவதில்லை. பிற்பகலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது முற்றத்தில் சத்தம் இல்லை.

மாலையில் நஸீஹா தேடி வந்தாள். நான் மாடியில் இருந்தேன், பார்க்கவில்லை என்றேன். அவள்தான் மாஜிலின் வாய் திறந்து கிடந்ததைக் கண்டாள்.

உங்கள் விசாரணையின்போது நான் அங்கே இருந்தேன். பலகையைப் பூச்சுக்காரர் எடுத்தார் என்றார் கொத்தனார். கல் வைக்காததால்தான் என்றார் ஹம்மாதி. நான் தொடவே இல்லை என்று பூச்சுக்காரர் அழுதார். அவர் சொன்னது உண்மை. நீங்கள் யாரையும் கைது செய்யவில்லை. பல ஆட்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்ததால் நேர்ந்த விபத்து, வீட்டுக்காரரின் மேற்பார்வைக் குறைவு என்று அறிக்கை எழுதினீர்கள்.

நான் நாற்பதாம் நாள் துக்கம் முடியும்வரை பொறுத்திருந்தேன். அந்த அறிக்கையைப் படித்துவிட்டு நஸீஹா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அண்ணன் சொன்னபடி செய்திருந்தால் அண்ணன் இருந்திருப்பார் என்று அடுத்த அறையில் தன் அக்காவிடம் சொன்னாள். நேற்று என்னிடம் மனையின் சாவியைக் கேட்டாள். ஸஹ்பிக்குக் கொடுக்க.

ஆகவே வந்தேன். மேற்பார்வையில் குறைவு எதுவும் இல்லை. பலகையை எடுத்தவன் நான், பாயை விரித்தவன் நான், அவரை வரவழைத்தவன் நான். எல்லாம் நினைத்தபடி, நினைத்த நேரத்தில் நடந்தது. இதை அவளிடம் நீங்களே சொல்லுங்கள். விஷயம் தெரிந்துவிட்டால், தனித்தனி ஆட்கள் என்ற என் ஏற்பாட்டை மாற்ற அவளுக்குக் காரணம் இருக்காது.

புதன்கிழமை தச்சர் ஜன்னல்களோடு வருகிறார். அவருக்கு யாராவது கதவைத் திறந்துவிட வேண்டும்.