எலுமிச்சைத் திட்டத்தின் மூன்றாம் மாதம்

"அப்ப ஃப்ரிட்ஜ்ல இருந்த கெட்ட வாசம் போயிருச்சா அக்கா?"

"வாசமே இல்லைங்க மிஸ்."

"எலுமிச்சைய பாதியா வெட்டி உள்ள வச்சீங்கதானே?"

"எதுக்குள்ளங்க?"

"ஃப்ரிட்ஜுக்குள்ள."

"ஃப்ரிட்ஜு இருந்தாத்தானே மிஸ்... இல்லாததுக்கு எங்கிட்டு இருந்து வாசம் வரும்?"

கிருஷாந்தி சற்று யோசித்துவிட்டு, 'வாசம் இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டுக்கொண்டாள். கேள்வித்தாளைக் கொழும்பில் யாரோ தயாரித்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அதில் கட்டம் கிடையாது.

காளியாயி சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தயாரானாள். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறவள் அவள். கேள்வி எதுவானாலும் மிஸ் மனம் நோகாதபடி பதில் சொல்ல வேண்டும் என்று ஏழாம் நம்பர் மலைப் பெண்கள் முடிவு செய்து, முன்வரிசையில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் சர்மிளா. சிரிப்பை அடக்கத் தெரியாதவள் என்பதால் அவளைப் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"மொகத்துக்குப் பூசினதுல ஏதாச்சும் மாற்றம்?"

"எங்க வீட்டுக்காரரே நேத்து யாருன்னு கேட்டாருங்க."

"அவரு குடிச்சிருந்தாரு," என்றாள் சர்மிளா.

"நீ சும்மா இருடி... மொகம் பளிச்சுனு ஆயிருச்சுங்க மிஸ். எழுதிக்கங்க."

"தலையில பொடுகு?"

"ஒண்ணு விடாம கொட்டிருச்சு."

"தூக்கம்? தலமாட்டுல ஒரு துண்டு வெட்டி வைக்கச் சொன்னேனே."

"வச்ச ஒடனே தூக்கந்தான். எடுக்குறதுக்குக்கூட முழிப்பு வர மாட்டேங்குது."

உண்மையில் அந்த மலையில் ஒருத்தி முகத்திலும் எலுமிச்சைச் சாறு பட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன் முதல் தடவை கிருஷாந்தி மலையேறி வந்தபோது காளியாயிக்கு நம்பிக்கை இருந்தது. தோட்டத்துப் பெண்களின் உடம்புக்கு நல்லது செய்ய ஒரு தொண்டு நிறுவனம் ஆள் அனுப்புகிறது என்றுதான் கேள்விப்பட்டிருந்தாள். எழுந்து நின்று கேட்டாள். காலையில் மலையேறினால் நாலரைக்குத்தான் இறங்குகிறோம், வீடிருக்கிற லயத்துக்குப் போக அரைமணி நேரம், ஒதுங்க ஓர் இடமில்லை, அதற்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை, அரைவாசிப் பேருக்கு நீர்க்கடுப்பு, மலையிலே ஒரு கக்கூசு கட்டித் தர முடியுமா என்று. கிருஷாந்தி நிஜமாகவே வருத்தப்பட்டாள். அது சுகாதாரப் பிரிவின் வேலை, தான் நல்வாழ்வுப் பிரிவு என்று விளக்கினாள். பிறகு, தினமும் மூன்று லீட்டர் எலுமிச்சைத் தண்ணீர் குடித்தால் உடம்பு எப்படி மினுமினுக்கும் என்று படம் காட்டினாள். போகும்போது ஒரு மூடை எலுமிச்சையையும் நிறுவனத்துப் பதாகை ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனாள்.

கடைகளில் எலுமிச்சை கண்ணில் படாத காலம் அது. மூடையைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். இதை ஏன் மூஞ்சியில் தேய்ப்பானேன், ஊறுகாய் போட்டால் என்ன என்று கேட்டது சர்மிளாதான். போத்தல்களை ஹட்டன் பஜாரில் அழகையா முதலாளி கடையில் வைத்தார்கள். பத்து நாளில் காலி. அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் இரண்டு மூடைகள் வந்தன. காளியாயியின் புருஷன் சோலைமலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டினான். பழைய லயத்துத் தகரங்கள் சுவரும் கூரையும் ஆயின. சீமெந்தும் கக்கூசுக் கோப்பையும் ஊறுகாய்க் காசில் வந்தன. விசாரிக்க வந்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையாவிடம், இது எலுமிச்சைத் திட்டத்துக் கொட்டில் என்றார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் கதவு ஒன்றுதான் பாக்கி. அதற்கு இன்னொரு மூடை வேண்டும். அதனால்தான் காளியாயி இந்த வெயிலில் பொடுகு கொட்டிய கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சைத் தண்ணி குடிக்கிறீங்களா? மூணு லீட்டர்?"

"தவறுறதே இல்லைங்க."

"நானும் அப்பிடித்தான். காலையில இருந்து ரெண்டு போத்தல் முடிஞ்சுது. மத்தவங்களுக்குச் சொல்றதை நாம மொதல்ல செய்யணும் பாருங்க..."

சொல்லிவிட்டு கிருஷாந்தி கால் மாற்றி உட்கார்ந்தாள். அடுத்த கேள்வியை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எழுந்து நின்றாள். நின்றபடியே இன்னொரு கேள்வி கேட்டாள், பதிலைக் குறித்துக்கொள்ளவில்லை.

"அக்கா... லயத்துக்கு எறங்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரமணி நேரம் ஆகும் மிஸ். ஏன்?"

"இல்ல... சும்மாதான் கேட்டேன்."

சர்மிளா காளியாயியின் காதருகே வந்தாள்.

"காட்டிப்புடாதீங்கக்கா. பாத்தா அடுத்த மூடை வராது."

"அந்தப் புள்ள மூஞ்சியப் பாருடி."

"தேயிலைக்குள்ள ஒதுங்கச் சொல்லுங்க. நம்ம ஒதுங்கல?"

"அட்டை கடிக்கும்."

"நம்மள கடிக்கல?"

காளியாயி மறுபடியும் கிருஷாந்தியைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகம். மகள் லோஜினி வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது இதே மலையில் அவள் அப்படித்தான் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், கீழே தெரிகிற லயத்தின் கூரைகளையே பார்த்துக்கொண்டு. அன்றைக்கு அவளால் லயம் வரைக்கும் தாங்க முடியவில்லை. நனைந்த சேலையோடுதான் அந்தி வரை கொழுந்து பறித்தாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"வாங்க மிஸ்," என்றாள்.

"எங்கக்கா?"

"வாங்க. கேள்வியை அப்புறம் கேட்டுக்கலாம்."

சவுக்கு மரங்களுக்குப் பின்னால் பாதை வளைந்து இறங்கியது. தகரக் கொட்டிலின் முன்னால் வந்ததும் கிருஷாந்தி நின்றாள். கதவிருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய நிறுவனத்துப் பதாகை தொங்கியது. 'எலுமிச்சை தரும் எழில் வாழ்வு' என்ற பெரிய எழுத்து, கீழே பாதி வெட்டிய பழம் ஒன்று, வெள்ளையாகச் சிரிக்கிற ஒரு பெண். கிருஷாந்தி அந்தப் பெண்ணைப் பார்த்தாள், காளியாயியைப் பார்த்தாள். பிறகு இருவரையும் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"போச்சு," என்றாள் பின்னாலேயே வந்திருந்த சர்மிளா. "கதவு போச்சு."

"போகட்டும் விடு."

வெளியே வந்த கிருஷாந்தி வாளித் தண்ணீரில் கை கழுவினாள். அங்கே சவுக்காரக் கட்டிகூட இருந்தது. நெடுநேரம் கழுவினாள்.

"யாருக்கா கட்டினது?"

"எங்காளுங்கதான்."

"சாமானுக்கு?"

காளியாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இனி மறைத்து ஆவதொன்றுமில்லை என்று தோன்றியது.

"ஊறுகாய் போட்டோம் மிஸ். மூணு மூடையும். ஒரு பழத்தைக்கூட மூஞ்சியில தேய்க்கல."

"பொடுகு?"

"அப்பிடியேதான் இருக்கு."

"உங்க வீட்டுக்காரரு யாருன்னு கேட்டது?"

"அது நெசந்தான்... ஆனா சர்மிளா சொன்ன காரணம்."

கிருஷாந்தி சிரிக்கவில்லை. புல்லில் உட்கார்ந்து, மடியில் கிடந்த கேள்வித்தாள்களை ஒழுங்காக அடுக்கினாள். காளியாயிக்கு மனசு கனத்தது. சின்னப் பிள்ளை. மலையேறி வந்து பொய்யை எழுதிக்கொண்டு போவதற்கா இவளை அனுப்பினார்கள் என்று இரக்கமாக இருந்தது. அதே நேரம் கதவில்லாத கொட்டிலும் கண்முன் நின்றது.

"கோவமா மிஸ்?"

"இல்லக்கா."

"எங்க பேரு கெட்டாலும் பரவால்ல, ஒங்க வேலைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது. வேணும்னா இன்னையில இருந்து நெசமாவே பூசுறோம்."

"வேணாம்க்கா, பூசிக்கிட்டு வெயில்ல நின்னா மூஞ்சி கருகிரும். அது எங்க புத்தகத்துலயே போட்டிருக்கு... கடேசிப் பக்கத்துல, சின்ன எழுத்துல."

"அப்ப ஆபீசுக்கு என்னான்னு எழுதப் போறீங்க?"

"எழுத ஒண்ணுமில்லக்கா. போன கெழமையே எழுதி அனுப்பிட்டேன். ஒங்க மலையில எல்லாருக்கும் மொகம் பளிச்சுனு ஆயிருச்சுன்னு. கொழும்புல ரொம்பச் சந்தோசம். அடுத்த வருசமும் மாசம் ஒரு மூடை வரும்."

காளியாயியும் சர்மிளாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன கெழமையே அனுப்பிட்டு... இன்னிக்கு எதுக்கு மிஸ் இம்புட்டுக் கேள்வி கேட்டீங்க?"

"நான் எழுதினதுல ஒண்ணாச்சும் நெசமா இருந்துறாதான்னு ஒரு நப்பாசைதான்க்கா."